கொக்கியைக் கழற்ற மறந்த நாள்

மூன்றாவது முறையும் விமானம் ஓடுபாதையை விட்டு விலகிப் புல்தரையில் போய்த்தான் நின்றது. இடது இறக்கை மண்ணில் உரசிக் கிடந்தது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் மகள், எட்டாம் வகுப்புப் படிக்கிறவள், பொறுக்க முடியாமல் கேட்டாள்: "நாலு எஞ்சினும் ஓடுதுல்லப்பா, அப்புறம் ஏன் மேல ஏற மாட்டேங்குது?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடப் போய்த்தான் 1935ஆம் ஆண்டில் ஒரு விமானத் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

என் மேசைக் கணினியில் ஃப்ளைட் சிமுலேட்டர் இருக்கிறது. பல ஆண்டுகளாக அதில் சிறு விமானங்களை ஓட்டி வருகிறேன். இந்த முறை ஆசை பெரிதாகி பி-17ஐத் தேர்ந்தெடுத்தேன். இரண்டாம் உலகப் போரில் பறந்த, அமெரிக்காவின் போயிங் நிறுவனம் வடிவமைத்த நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் அது. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 103 அடி 9 அங்குலம். கடைசியாக வந்த 'ஜி' வகை, முழுச் சுமையோடு 65,500 பவுண்டு, ஏறத்தாழ 30 டன் எடை. அதைத் தூக்க 1,200 குதிரைத்திறன் கொண்ட நான்கு எஞ்சின்கள். 10 பேர் கொண்ட குழு. என் வீட்டு மேசையில் அந்தப் பத்துப் பேருக்கும் சேர்த்து நான் ஒருவன்தான்.

சிறு விமானம் என்றால் எஞ்சினைக் கிளப்பி, வேகம் பிடித்து, கைப்பிடியை இழுத்தால் ஏறிவிடும். பி-17 அப்படி ஏறுவதில்லை. முதல் முறை வால் சக்கரத்தைப் பூட்ட மறந்தேன். இந்த விமானத்துக்கு முன்னால் இரண்டு பெரிய சக்கரங்கள், வாலின் கீழே ஒரு சின்னச் சக்கரம். தரையில் திருப்புவதற்காக அந்தச் சின்னச் சக்கரம் எல்லாப் பக்கமும் சுழலும். ஓடுபாதையில் நேராக நின்றதும் அதைப் பூட்டிவிட வேண்டும். பூட்டாவிட்டால் தள்ளுவண்டியின் கோணல் சக்கரம் மாதிரி வால் தன் போக்குக்குப் போகும். இரண்டாவது முறை கௌல் ஃப்ளாப் எனப்படும் எஞ்சின் மூடிகளைத் திறந்து வைக்க மறந்தேன். எஞ்சினைச் சுற்றியுள்ள அந்தச் சின்னத் தகடுகள் திறந்திருந்தால்தான் காற்று புகுந்து சிலிண்டர்கள் ஆறும். பாதி ஓட்டத்தில் மூன்றாவது எஞ்சினின் வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. அது வலு இழக்க, விமானம் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. மூன்றாவது முறை அவசரப்பட்டு நான்கு த்ராட்டில்களையும் ஒரே தள்ளாகத் தள்ளினேன். நான்கு புரொப்பல்லர்களும் ஒரே பக்கமாகச் சுற்றுபவை. அவற்றின் முறுக்கு விமானத்தை இடப்பக்கம் தள்ளும். சுக்கானுக்கு இன்னும் காற்றுப் பிடிக்காத அந்த முதல் சில விநாடிகளில் அதைத் தடுக்க ஒன்றுமில்லை.

இவற்றில் எதுவும் கடினமான வேலை இல்லை. வால் சக்கரத்தைப் பூட்ட ஒரு நெம்புகோல். எஞ்சின் மூடிகளைத் திறக்க ஒரு கைப்பிடி. எல்லாம் ஒரு விநாடி வேலை. ஆனால் இப்படி நாற்பது ஐம்பது விநாடி வேலைகளை வரிசை பிசகாமல் ஒரே தலைக்குள் வைத்திருக்க என்னால் முடியவில்லை. யாராலும் முடியாது என்பது எனக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்ட உண்மை. அதைக் கண்டுபிடிப்பதற்குக் கொடுத்த விலைதான் இந்தக் கதை.

1934 ஆகஸ்டில் அமெரிக்க ராணுவத்தின் வான்படைப் பிரிவு ஒரு போட்டியை அறிவித்தது. புதிய குண்டுவீச்சு விமானம் வேண்டும். மணிக்கு 200 மைல் வேகமாவது வேண்டும். 10 மணி நேரம் காற்றில் நிற்க வேண்டும். "பல எஞ்சின்" என்று அறிவிப்பில் இருந்தது. பல என்றால் இரண்டு என்பதே அன்றைய வழக்கம். டக்ளஸ், மார்ட்டின் ஆகிய இரு நிறுவனங்களும் அப்படியே எடுத்துக்கொண்டன. சியாட்டில் நகரத்தின் போயிங் மட்டும் பல என்பதை நான்கு என்று படித்தது. அரசுப் பணம் இல்லாமல், நிறுவனத்தின் சொந்தப் பணத்தைப் போட்டு, 'மாடல் 299' என்ற ஒரே ஒரு விமானத்தைக் கட்டினார்கள். அந்த ஒன்று போனால் எல்லாம் போயிற்று என்ற நிலைமை.

1935 ஜூலை 28 அன்று போயிங்கின் தலைமைச் சோதனை விமானி லெஸ்லி டவர் அதை முதன்முதலாகப் பறக்கவைத்தார். உடம்பெங்கும் துப்பாக்கிக் கூண்டுகளோடு இருந்ததைப் பார்த்த உள்ளூர்ச் செய்தித்தாள் அதைப் பறக்கும் கோட்டை என்று எழுதியது. போயிங் அந்தப் பெயரையே பதிவுசெய்துகொண்டது. ஆகஸ்ட் 20 அன்று சியாட்டிலிலிருந்து புறப்பட்டு, ஒஹையோ மாநிலம் டேட்டன் அருகே இருந்த ரைட் ஃபீல்ட் சோதனைத் தளத்துக்கு, சுமார் 2,100 மைலை எங்கும் இறங்காமல் 9 மணி 3 நிமிடத்தில் கடந்து போய் இறங்கியது. சோதனைகளில் போட்டியாளர்களின் இரட்டை எஞ்சின் விமானங்கள் அதன் பக்கத்தில் நிற்க முடியவில்லை. போயிங்குக்குத்தான் ஒப்பந்தம் என்று எல்லாரும் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

அக்டோபர் 30. ரைட் ஃபீல்டின் சோதனைப் பறப்புப் பிரிவுக்குத் தலைவரான மேஜர் ப்ளாயர் ஹில் விமானி இருக்கையில். துணை விமானி லெஃப்டினன்ட் டொனால்ட் பட். அவர்களோடு லெஸ்லி டவர், இன்னும் இருவர். விமானம் சீராக ஓடி, தரையை விட்டது. பிறகு மூக்கு மேலேறியது. ஏறிக்கொண்டே இருந்தது. சில நூறு அடி உயரத்தில் இறக்கைகள் காற்றின் பிடியை இழந்தன. விமானம் ஒருக்களித்துச் சரிந்து, விழுந்து, தீப்பிடித்தது.

என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள நம் வீட்டு ஜன்னலை நினைத்துக்கொண்டால் போதும். காற்றடிக்கும்போது ஜன்னல் கதவு படபடவென்று அடித்து உடையாமல் இருக்கக் கொக்கி போடுகிறோம் அல்லவா? அதே மாதிரிதான். தரையில் நிற்கும் விமானத்தின் வாலில் உள்ள அசையும் தகடுகளைக் காற்று பிடித்து ஆட்டும். 299இன் வால் தகடுகள் அதற்கு முந்தைய விமானங்களைவிடப் பெரியவை. காற்று ஆட்டினால் கீல்களும் கம்பிகளும் கெட்டுவிடும். அதனால் போயிங் பொறியாளர்கள் விமானி அறையிலிருந்தே போடவும் எடுக்கவும் கூடிய ஒரு பூட்டை அமைத்திருந்தார்கள். நல்ல யோசனை, புதிய யோசனை. அந்தப் புதுமைதான் அன்று குறுக்கே நின்றது. புறப்படும் முன் அந்தப் பூட்டை யாரும் விடுவிக்கவில்லை. மூக்கைக் கீழே தள்ளவேண்டிய தகடு கொக்கி போட்ட ஜன்னலாக அசையாமல் இருந்தது.

ராபர்ட் ஜியோவனோலி என்ற இளம் லெஃப்டினன்ட் எரிந்துகொண்டிருந்த சிதைவுக்குள் ஓடி, உள்ளே சிக்கியிருந்தவர்களை வெளியே இழுத்தார். அந்தத் துணிச்சலுக்கு அவருக்கு விருது கிடைத்தது. சில மாதங்களில், 1936 மார்ச்சில், இன்னொரு விமான விபத்தில் அவரே இறந்தார். ஹில் அன்றே இறந்தார். டவர் சில வாரங்கள் மருத்துவமனையில் போராடிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். மற்ற மூவரும் பிழைத்தார்கள். யூட்டா மாநிலத்தின் ஹில் விமானப்படைத் தளம் இன்றும் மேஜர் ஹில்லின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

விசாரணையில் எந்திரத்தின்மேல் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. எஞ்சின்கள் சரி, இறக்கை சரி. விமானியின் தவறு என்று முடிவானது. காகிதத்தில் அது ஒரு வரி. ஆனால் அந்த வரியை ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஹில்லைவிட அனுபவம் கூடிய விமானியை அன்றைய ராணுவத்தில் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். பக்கத்தில் நின்ற டவர் அந்த விமானத்தை உலகில் எவரையும்விட அதிக நேரம் ஓட்டியவர். அந்த இருவர் கண்ணுக்கும் தப்பிய பிழையைக் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு தலை சுமக்கக்கூடியதைவிட அதிகமான வேலையை ஒரு தலைமேல் ஏற்றிவிட்டார்கள். பொறியியல் மனித நினைவைத் தாண்டிப் போன முதல் கணங்களில் அது ஒன்று.

போட்டி விதியின்படி சோதனையை முடிக்காத விமானம் வெல்ல முடியாது. டக்ளஸின் இரட்டை எஞ்சின் விமானம் விலையிலும் மலிவு. ராணுவம் அதில் 133ஐ வாங்கியது. நான்கு எஞ்சின் விமானத்தைப் பற்றி, இது ஒரு மனிதன் ஓட்டக்கூடிய அளவை மீறிய விமானம் என்ற பேச்சு எழுந்தது. ஆனால் அதை ஓட்டிப் பார்த்த அதிகாரிகள் அதை விட்டுவிட மனமில்லாமல் இருந்தார்கள். விதிகளில் ஒரு சந்து தேடி, 1936 ஜனவரியில், 'சோதனைக்காக' என்று 13 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். அவற்றில் 12, வர்ஜீனியாவின் லாங்லி தளத்துக்குப் போயின. ஒரே ஒரு விபத்துகூட இனி நடக்கக்கூடாது. நடந்தால் பறக்கும் கோட்டையின் கதை அத்தோடு முடிந்தது.

அந்த நெருக்கடியில்தான் விமானிகள் உட்கார்ந்து யோசித்தார்கள். இன்னும் நீண்ட பயிற்சி கொடுக்கலாம் என்பது முதலில் தோன்றக்கூடிய பதில். ஹில்லுக்குப் பயிற்சி குறைவா என்ன? பூட்டையே எடுத்துவிடலாம் என்றால் காற்று வாலை உடைக்கும். அவர்கள் தேர்ந்தெடுத்த வழி பார்வைக்கு மிகச் சாதாரணமானது. ஒரு தாள். புறப்படும் முன் செய்யவேண்டியவை, பறக்கும்போது, இறங்கும் முன், இறங்கிய பின் என்று வரிசையாகச் சின்னச் சின்ன வரிகள். எதற்கும் விளக்கம் கிடையாது. விமானம் ஓட்டுவது எப்படி என்று அந்தத் தாள் சொல்லித் தருவதில்லை. ஓட்டத் தெரிந்தவன் எதை மறப்பான் என்பதை மட்டும் அது அறிந்து வைத்திருக்கிறது. குறிப்பெழுதி வைத்துக்கொள்ளும் விமானிகள் அதற்கு முன்பும் உண்டு. ஆனால் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் இதைப் படிக்காமல் புறப்படக்கூடாது என்ற கட்டாயம் இங்கேதான் வேரூன்றியது. நாம் இன்று செக்லிஸ்ட் என்று சொல்வது இந்தத் தாளின் வம்சம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, அந்தத் தாளைத் தனியாகப் படிக்கவில்லை என்பது. ஒருவர் வாசிப்பார். மற்றவர் அந்த நெம்புகோலைக் கையால் தொட்டு, கண்ணால் பார்த்து, பதில் சொல்வார். நம் வீட்டுத் திருமணங்களில் ஒருவர் சாமான் பட்டியலை வாசிக்க, இன்னொருவர் அண்டாவைத் தட்டிப் பார்த்து "இருக்கு" என்று சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே முறைதான். மேஜர் வாசித்தாலும் லெஃப்டினன்ட் வாசித்தாலும் வரி ஒன்றுதான். பதவிக்கு அங்கே இடமில்லை. அனுபவஸ்தன் ஒருவனிடம் "நீ மறந்திருக்கலாம்" என்று நேரில் சொல்ல யாருக்கும் நாக்கு எழாது. தாளுக்கு அந்தத் தயக்கம் இல்லை.

லாங்லியின் விமானங்கள் அதன்பின் செய்து காட்டியவற்றை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். 1938 பிப்ரவரியில் ராபர்ட் ஓல்ட்ஸ் தலைமையில் ஆறு பி-17கள் தென்னமெரிக்காவின் புவெனோஸ் ஐரிஸ் வரை போய்த் திரும்பின. அதே ஆண்டு மே 12 அன்று மூன்று விமானங்கள் மோசமான வானிலையில் அட்லாண்டிக் கடலுக்குமேல் 600 மைலுக்கும் அப்பால் போய், 'ரெக்ஸ்' என்ற இத்தாலியப் பயணிகள் கப்பலைத் துல்லியமாகக் கண்டுபிடித்தன. ஒரு மனிதனால் ஓட்ட முடியாது என்று பேசப்பட்ட விமானம் இது. போர் முடிவதற்குள் 12,731 பி-17கள் கட்டப்பட்டன.

அந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அத்தனை விமானங்களையும் ஓட்ட ஹில்லும் டவரும் எங்கே கிடைப்பார்கள்? ஓட்டியவர்கள் பெரும்பாலும் இருபதைத் தொட்ட பையன்கள். பண்ணையிலிருந்தும் கல்லூரியிலிருந்தும் கடையிலிருந்தும் வந்து, சில நூறு மணி நேரம் பறந்து பழகியதும் 30 டன் விமானத்தில் ஏற்றப்பட்டவர்கள். மூத்த விமானிகளின் நினைவைத் தாளில் மடித்து அந்தப் பையன்களின் கையில் கொடுக்காமல் அது நடந்திருக்காது. அதே தாள்தான் அந்த விமானங்களை ஜெர்மனியின் நகரங்களுக்குமேல் கொண்டுபோகவும் உதவியது. கீழே வீடுகளில் இருந்தவர்கள் செத்தார்கள். மேலே போனவர்களும் செத்தார்கள்: 1943 ஆகஸ்ட் 17 அன்று ஷ்வைன்ஃபுர்ட், ரேகன்ஸ்பர்க் நகரங்களைக் குறிவைத்துப் போன 376 பி-17களில் 60 திரும்பி வரவில்லை. நான் இந்த விமானத்தைச் சிமுலேட்டரில் எழுப்பும்போது குண்டுகளை ஏற்றுவதில்லை. எழும்புவதைக் கற்றுக்கொள்ளவே எனக்கு ஆசை.

நான் உட்கார்ந்திருக்கும் இந்தச் சிமுலேட்டருக்கும் அதே காலத்தில், அதே மாதிரிச் சாவுகளின் நடுவில்தான் வாழ்வு கிடைத்தது. எட்வின் லிங்க் என்ற இளைஞர் நியூயார்க் மாநிலம் பிங்கம்டனில் தன் தந்தையின் பியானோ, ஆர்கன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை. மணிக்கணக்கில் பறக்கப் பணமில்லை. ஆர்கன் இசைக்கருவியில் காற்றை ஏற்றி இறக்கும் துருத்திகள் இருக்குமல்லவா, அந்தத் துருத்திகள்மேல் ஒரு சின்ன மரப் பெட்டி விமானத்தை உட்கார வைத்தார். கைப்பிடியை அசைத்தால் துருத்திகள் உப்பியும் சுருங்கியும் பெட்டியைச் சாய்க்கும், நிமிர்த்தும். 1929இல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். முதலில் அதை வாங்கியவை பெரும்பாலும் கேளிக்கைப் பூங்காக்கள். ராட்டினத்தோடு ராட்டினமாக அது கிடந்தது.

1934 பிப்ரவரியில் அமெரிக்க அரசு விமானத் தபால் வேலையைத் தனியாரிடமிருந்து பிடுங்கி ராணுவ விமானிகளிடம் கொடுத்தது. பனியிலும் மூட்டத்திலும் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பழக்கம் அவர்களுக்குப் போதவில்லை. சில வாரங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நாடே அதிர்ந்தது. லிங்கின் பெட்டியைப் பார்க்க ராணுவ அதிகாரிகள் நியூவர்க் விமான நிலையத்தில் காத்திருந்த நாளில் கடும் மூட்டம். இந்த வானிலையில் எவன் வருவான் என்று அவர்கள் கிளம்பும் நேரத்தில், கருவிகளை மட்டும் நம்பிப் பறந்து வந்து லிங்க் இறங்கினார் என்று சொல்வார்கள். அந்த ஆண்டே ராணுவம் ஒன்று 3,500 டாலர் விலையில் ஆறு பெட்டிகளை வாங்கியது. போர்க்காலத்தில் பல்லாயிரம் பெட்டிகள், லட்சக்கணக்கான விமானிகள். நீல வண்ணம் பூசியிருந்ததால் நீலப் பெட்டி என்றே அதற்குப் பெயர்.

பிறகு துருத்திகளின் வேலையைக் கணினி எடுத்துக்கொண்டது. ப்ரூஸ் ஆர்ட்விக் என்பவர் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்விலிருந்து கிளைத்த நிரல் 1980 வாக்கில் ஆப்பிள் கணினிக்கு விற்பனைக்கு வந்தது. 1982இல் மைக்ரோசாஃப்ட் பெயரில் ஐபிஎம் கணினிக்கு வந்தது. கோடுகளால் வரைந்த மலை, கோடுகளால் வரைந்த ஓடுபாதை. அங்கிருந்து வளர்ந்து வளர்ந்து, சிலிண்டரின் வெப்பத்தைக்கூடத் தனித்தனியாகக் கணக்கிடும் அளவுக்கு இன்று வந்துவிட்டது. அதனால்தான் என் மூன்றாவது எஞ்சின் அன்று சிவப்புக் கோட்டைத் தாண்டியது.

இப்போதைய சிமுலேட்டர்களில் ஒரு வசதி உண்டு. விசைப்பலகையில் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் எல்லா எஞ்சின்களும் தாமாகவே கிளம்பிவிடும். வேலையிலிருந்து வந்து அரைமணி நேரம் பறக்க நினைப்பவருக்கு அது உதவியாக இருக்கலாம். ஆனால் பி-17இல் அதை அழுத்துகிறவர் அந்த விமானத்தின் சரிபாதியை இழக்கிறார் என்பது என் தீர்மானமான கருத்து.

ஒரு எஞ்சினைக் கையால் கிளப்பிப் பாருங்கள். தரையில் நிற்பவர்கள் புரொப்பல்லரை முதலில் கையாலேயே சுற்றியிருக்க வேண்டும். ஏனென்றால் இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் வட்டமாக நிற்கின்றன. நின்ற நேரத்தில் எண்ணெய் வடிந்து கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கியிருக்கும். அப்படியே கிளப்பினால் எண்ணெய் அமுங்காது, உள்ளே தண்டுதான் வளையும். பிறகு ஸ்டார்ட்டரை அழுத்தினாலும் புரொப்பல்லர் அசையாது. உள்ளே ஒரு கனத்த சக்கரம் மட்டும் சுழலத் தொடங்கும். முனகலாக ஆரம்பித்து, மெல்ல மெல்ல ஓலமாக ஏறும். அந்த ஓலம் உச்சியில் நிலைத்ததும் அடுத்த சுவிட்ச். சக்கரத்தின் வேகம் எஞ்சினில் போய்க் கோத்துக்கொள்ளும். புரொப்பல்லர் தயங்கித் தயங்கிச் சுற்றும். ஒரு சிலிண்டர் பற்றும், நீலப்புகை கக்கும், இன்னொன்று பற்றும். எரிபொருள் கலவையை அந்த நேரத்தில் சரியாகத் திறந்துவிட்டால் எஞ்சின் உயிர் பிடித்துக்கொள்ளும். இப்படி நான்கு முறை. ஹெட்ஃபோனில் அந்தச் சத்தம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும்போது எனக்கு இப்போதும் மயிர்க்கூச்செறிகிறது.

நான்காவது முயற்சிக்கு முன், போர்க்கால பி-17 கையேட்டிலிருந்த அந்தத் தாளை அச்சடித்து மகள் கையில் கொடுத்தேன். அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. ஐந்து நிமிடத்தில் என்னைவிடக் கண்டிப்பாகிவிட்டாள்.

"கௌல் ஃப்ளாப்?"

"திறந்திருக்கு."

"பாக்காமச் சொல்றீங்க. தொட்டுப் பாத்துச் சொல்லுங்கப்பா."

தொட்டுப் பார்த்தேன். வலப்பக்கம் திறந்திருந்தது; இடப்பக்கம் மூடியே இருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, விரலால் அடுத்த வரிக்குப் போனாள். ஓடுபாதையின் முனையில் கடைசி மூன்று வரிகள் மட்டும் மிச்சம்.

"டெயில் வீல்?"

"பூட்டியாச்சு."

"கைரோ?"

"செட்."

"ஜெனரேட்டர்?"

"ஆன்."

த்ராட்டில்களை மெதுவாக முன்னே நகர்த்தினேன். அழுத்தமானியில் 46 அங்குலம், எஞ்சின் சுழற்சி 2,500. விமானம் உடனே ஓடிவிடவில்லை; மாட்டு வண்டி மேட்டில் ஏறுவது மாதிரி யோசித்து யோசித்துத்தான் நகர்ந்தது. வலது காலால் சுக்கானை மிதித்துக்கொண்டே இருந்தேன். வால் மேலெழும்பியது. ஓடுபாதையின் பாதி போயிற்று. மணிக்கு 110 மைல் தாண்டி, கைப்பிடியை லேசாக இழுத்ததும், சக்கரங்களின் தடதடப்பு நின்றது. அவ்வளவுதான். மூக்கு தூக்கிக்கொண்டு பாயவில்லை. மொத்த எடையும் சற்றே லேசாகி, மரங்கள் காலுக்குக் கீழே போயின. சுழலும் சக்கரங்களைப் பிரேக் போட்டு நிறுத்தி, உள்ளே இழுத்தேன். விமானி இடது சக்கரத்தையும் துணை விமானி வலது சக்கரத்தையும் ஜன்னல் வழியே பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது முறை. "வலது ஏறிருச்சுப்பா" என்றாள் துணை விமானி.

அன்றிரவு இதைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது ஹில்லின் சாவிலிருந்து பிறந்த தாள் வேறொரு இடத்திலும் போய் நிற்பது தெரிந்தது. 2008இல் உலகச் சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கு 19 வரிகள் கொண்ட ஒரு செக்லிஸ்டை வெளியிட்டது. அதை உருவாக்கும் வேலைக்குத் தலைமை ஏற்றவர் அதுல் கவாண்டே என்ற அமெரிக்க அறுவை மருத்துவர்; அவர் விமானத்துறையிடம்தான் போய்ப் பாடம் கேட்டார். நோயாளியின் பெயர் சரியா, வெட்டவேண்டிய பக்கம் சரியா, பஞ்சுகளை எண்ணியாயிற்றா என்று ஒருவர் கேட்க, மற்றவர் பதில் சொல்ல வேண்டும். எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில் சோதித்தார்கள். புது டெல்லியும் அதில் ஒன்று, சியாட்டிலும் ஒன்று. 1.5 சதவீதமாக இருந்த இறப்பு 0.8 சதவீதமாகக் குறைந்தது. புதிய மருந்தோ புதிய கருவியோ அதில் இல்லை.

ஹில்லின் வீட்டார் அந்த அக்டோபர் நாளில் இழந்ததை எதுவும் ஈடுகட்டாது. ஆனால் ஒரு விமானியின் தவறு என்று எழுதியதோடு அன்று மூடியிருந்தால், அடுத்த விமானி அதே கொக்கியைக் கழற்ற மறந்திருப்பான். அடுத்த மருத்துவர் எண்ணாத பஞ்சை உள்ளேயே விட்டுத் தைத்திருப்பார்.

சிமுலேட்டரில் பழைய கனரக விமானங்களை ஓட்டிப் பார்க்க ஆசைப்படும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த இரண்டு விசைகளை அழுத்தாதீர்கள். தாளை அச்சடித்து, வீட்டில் யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். பி-17இன் தாளில் மூன்றாவது வரி, கைப்பிடியும் சுக்கானும் தடையில்லாமல் அசைகின்றனவா என்று பார்க்கச் சொல்லும் வரி. அந்த வரிக்கு வரும்போது அவசரப்படாமல், கைப்பிடியை முன்னும் பின்னும் கடைசிவரை அசைத்து, ஜன்னல் வழியே வால் தகடும் கூடவே அசைகிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.